சிக்கும் வால்வு, கசியும் வால்வு: சின்ன விமான இன்ஜினில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் பேச்சில் இரண்டு தீர்ப்புகள் அடிக்கடி வரும். "கம்ப்ரஷன் 78 காட்டுது, வால்வெல்லாம் ஜோரா இருக்கு" என்பது ஒன்று. "இந்த சிலிண்டர் 62தான் காட்டுது, கழற்ற வேண்டியதுதான்" என்பது இன்னொன்று. கம்ப்ரஷன் என்பது சிலிண்டர் காற்றைக் கசியாமல் எவ்வளவு அடைத்து வைக்கிறது என்று 80-க்கு இத்தனை எனச் சொல்லும் கணக்கு. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். முதல் இன்ஜினில் நாளைக் காலையே ஒரு வால்வு சிக்கிக்கொள்ளலாம். இரண்டாவது சிலிண்டரில் கையே வைக்காமல் இன்னும் நெடுநாள் பறக்க முடியலாம்.

"வால்வு போச்சு" என்று ஒரே பெயரில் சொல்லும்போது அதற்குள் இரண்டு வேறு நோய்கள் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பழைய வீட்டு மரக்கதவை எடுத்துக்கொள்ளுங்கள். அடைமழையில் மரம் ஊதி, கதவு நிலையில் உரசும். தள்ளினால் பாதியில் நிற்கும், நாலு நாள் வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடும். இன்னொரு கதவு லேசாகத் திறக்கும், லேசாக மூடும், ஆனால் மூடிய பிறகும் விளிம்பில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். இரண்டையும் நாம் "கதவு சரியில்லை" என்றுதான் சொல்வோம். வருகிற தச்சர் முதலில் கேட்பது, சிக்குகிறதா, சந்து விடுகிறதா என்பதைத்தான். வால்வு விஷயத்திலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

எந்த இன்ஜினைப் பற்றிப் பேசுகிறோம்?

உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் தயாரான விமானம் செஸ்னா 172. 1956 முதல் இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கின்றன. ஃபிளையிங் கிளப் வாசலில் நிற்கும் நான்கு இருக்கை விமானம் பெரும்பாலும் இதுவாகவோ இதன் உறவுக்காரனாகவோ இருக்கும். ஆரம்பத்தில் இதில் கான்டினென்டல் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. 1968 முதல் லைகமிங் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் இன்ஜின் வந்தது. அமெரிக்காவின் இந்த இரண்டு நிறுவனங்களின் இன்ஜின்கள்தான் இன்றும் சின்ன விமானங்களில் பெரும்பாலானவற்றை இழுக்கின்றன.

அமைப்பு பழையது, எளியது. சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்த நிலையில் எதிரெதிராக இருக்கும். காற்றுதான் குளிர வைக்கும், ரேடியேட்டர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு வால்வுகள்: காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு, எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு. தொல்லை தருவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வுதான். இன்டேக் வால்வை உள்ளே வரும் குளிர்ந்த கலவையே ஆற்றிவிடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டிப் போகும் புகையோ 700, 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்.

வால்வு செய்யும் வேலை

வால்வு பார்க்கக் காளான் மாதிரி இருக்கும். அகன்ற பகுதி தலை, நீண்ட பகுதி தண்டு. தலை வந்து உட்காரும் உலோக வளையத்துக்கு சீட் என்று பெயர். தண்டு வழுக்கிப் போய்வரும் குழாய்க்கு கைடு என்று பெயர். ஸ்பிரிங் வால்வை எப்போதும் மூடி வைக்கப் பார்க்கும். புஷ்ராடு என்ற நீளக் கம்பியும் அதன் முனையில் இருக்கும் ராக்கரும் சேர்ந்து, தேவையான நேரத்தில் அழுத்தித் திறக்கும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 20 தடவை திறந்து மூடுகிறது. இவ்வளவு வேகத்திலும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும். அதற்கு இரண்டே வழிகள். மூடியிருக்கும் நேரத்தில் தலையிலிருந்து சீட்டுக்கு இறக்குவது ஒன்று, பெரும்பகுதி இந்த வழியில்தான் போகிறது. தண்டு வழியாகக் கைடுக்கு இறக்குவது மற்றொன்று. இந்த இரண்டு இடங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கைடில் அடைசல் வந்தால் வால்வு சிக்கும். சீட்டில் சரியாக உட்காராவிட்டால் கசியும், கசிந்தால் கருகும்.

இதுவரை சொன்னதன் சாரம்: நோய் இரண்டு. கைடில் பிடிப்பது ஒன்று, சீட்டில் கசிவது இன்னொன்று. ஒன்றைக் காட்டும் சோதனை மற்றதைக் காட்டும் என்ற உத்தரவாதம் இல்லை.

சிக்கும் வால்வு: காலை நேரத்து நோய்

தண்டுக்கும் கைடுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, அதில் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் கருகிக் கரியாகப் படிகிறது. விமானப் பெட்ரோலான ஏவ்காஸில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள். பரவலாகக் கிடைக்கும் 100எல்எல் ரகத்தின் பெயரிலேயே "ஈயம் குறைவு" என்று இருக்கிறது, ஆனாலும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கலாம். அந்த ஈயத்தின் உப்புகளும் சேர்ந்து படிய, இடைவெளி நாளாக நாளாகக் குறுகிவிடும். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது இன்னும் இறுகும். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு வால்வு மட்டும் பாதியில் நின்றுகொள்ளும். அந்த சிலிண்டர் வேலை செய்யாது. இன்ஜின் முழுக்க உதறும், மிஸ்ஸிங் அடிக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் சூடேறியதும் வால்வு விடுபட்டு, ஒன்றுமே நடக்காதது போல் ஓடும்.

ஆங்கிலத்தில் பேசும் விமானிகள் இதைக் கர்ப்பிணிகளின் மசக்கைக்கு வழங்கும் "மார்னிங் சிக்னஸ்" என்ற சொல்லாலேயே அழைக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் "சூடானதும் சரியாயிடுச்சு, பறக்கலாம்" என்று கிளம்புவதுதான் இந்த விஷயத்தில் மிக ஆபத்தான முடிவு. சிக்கிய வால்வு மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால், கீழிருந்து தள்ளும் புஷ்ராடு வளைந்துவிடும். அதை மூடியிருக்கும் குழாயும் நசுங்கி எண்ணெய் ஒழுக ஆரம்பிக்கும். திறந்த நிலையில் நின்றால் அந்த சிலிண்டரின் சக்தி அப்படியே போய்விடும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒன்று போவது என்றால் கால்பங்குக்கும் மேல் இழப்பு. ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு நாள் காலையில் உதறினாலும் மெக்கானிக்கிடம் காட்டாமல் பறக்கக் கூடாது என்பது என் கருத்து.

உதறலுக்குக் காரணம் வால்வா, பிளக்கா? இதை விமானத்தை விட்டு இறங்காமலே ஓரளவு பிரித்தறியலாம். விமான இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாக்னெட்டோ தீப்பொறி கொடுக்கிறது. மாக்னெட்டோ என்பது பேட்டரியின் தயவில்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கும் கருவி. பறப்பதற்கு முன் விமானி ஒன்றை அணைத்து மற்றதில் ஓட்டி, பிறகு மாற்றிப் பார்ப்பார். அழுக்கடைந்த பிளக் என்றால் ஒரு மாக்னெட்டோவில் மட்டும் உதறும், மற்றதில் சீராக ஓடும். வால்வு சிக்கியிருந்தால் எந்த மாக்னெட்டோவில் ஓட்டினாலும் ஒரே மாதிரி உதறும். கலவையை அடைத்து வைக்கவே முடியாத சிலிண்டருக்கு எந்தப் பக்கத்துத் தீப்பொறி வந்து என்ன பயன்?

ஒவ்வொரு சிலிண்டரின் சூட்டையும் தனித்தனியாகக் காட்டும் மானிட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. ஒரு பிளக் மட்டும் வேலை செய்யாத சிலிண்டரில் எரிதல் தாமதமாகி முடிவதால், வெளியேறும் புகையின் சூடு ஏறும். வால்வு சிக்கிச் செயலிழந்த சிலிண்டரிலோ புகைச் சூடு தடாலென்று இறங்கும், சிலிண்டரின் சூடும் பின்னாலேயே இறங்கும்.

கயிற்று வைத்தியம்

சிக்கிய வால்வைச் சரிசெய்ய சிலிண்டரைக் கழற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. பல நேரம் வேண்டாம். கைடு இடைவெளியை எப்படி அளப்பது என்று லைகமிங் தன் 388-ஆம் எண் சர்வீஸ் புல்லட்டினில் சொல்கிறது. சிலிண்டரை விமானத்திலேயே வைத்துக்கொண்டு கைடைச் சுத்தம் செய்வதற்கு 1425-ஆம் எண் குறிப்பு இருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்.

முதலில் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு நைலான் கயிற்றைச் சுருள் சுருளாக சிலிண்டருக்குள் திணிப்பார்கள். பிறகு புரொப்பெல்லரைக் கையால் மெல்லத் திருப்பினால் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் மேலே வந்து, கயிற்றுச் சுருளை வால்வுகளின் முகத்தில் அழுத்திப் பிடிக்கும். வால்வு உள்ளே விழாமல் இருக்க இந்தக் கயிறுதான் முட்டுக்கொடுக்கிறது. இப்போது வெளியே ராக்கரையும் ஸ்பிரிங்கையும் கழற்றலாம். பிஸ்டனை இறக்கிக் கயிற்றை உருவியபின், வால்வை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிட்டு, காலியான கைடுக்குள் ரீமர் என்ற துருவும் கருவியை விட்டுப் படிவை எடுப்பார்கள். சரி, உள்ளே கிடக்கும் வால்வு? அதன் தண்டையும் சுத்தம் செய்து, பிளக் ஓட்டை வழியாகக் காந்தமும் இடுக்கியும் விட்டுத் தூண்டில் போடுவது போலத் துழாவி, தண்டு முனையை மறுபடி கைடுக்குள் கோர்க்க வேண்டும். கை பழகியவர் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுவார். பழகாதவர் பாதி நாள் பொறுமையிழந்து நிற்பார்.

கசியும் வால்வு: மெல்லக் கருகும் நோய்

இந்த நோய் சத்தம் போடாமல் வளரும். கைடு தேய்ந்து வாய் அகன்றுவிட்டால் தண்டு ஆடும், தலை ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். சீட்டில் படிவு சேர்ந்தாலும் இதே கதைதான். விளிம்பில் ஓரிடத்தில் மயிரிழைச் சந்து விழும். அழுத்தத்தில் இருக்கும் நெருப்பு அதன் வழியே பீறிடும். அந்த இடம் சீட்டைத் தொடாததால் சூட்டை இறக்கவும் முடியாது. அதனால் மேலும் சூடாகும், உலோகம் அரிக்கும், சந்து பெருகும். விட்டுவிட்டால் கடைசியில் விளிம்பில் ஒரு துண்டு உடைந்து போகும்.

இதைத் தடுக்கத்தான் வால்வு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இம்மியளவு சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரே இடம் சூடு தாங்காமல், சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். சுழற்சி நின்றுபோன வால்வு சீக்கிரம் கருகும்.

லைகமிங் இன்ஜின்களில் வால்வு சிக்கும், கான்டினென்டலில் கருகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. லைகமிங் எக்ஸாஸ்ட் வால்வுகள் பலவற்றில் தண்டு உள்ளீடற்றது, உள்ளே சோடியம் இருக்கும். 98 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் அந்த உலோகம், குலுங்கிக் குலுங்கித் தலையின் சூட்டைத் தண்டுக்கு எடுத்துச் செல்லும். தலை பிழைத்துக்கொள்ளும், கைடு கூடுதல் சூட்டை வாங்கிக்கொண்டு எண்ணெயைக் கருக்கும். கான்டினென்டலின் வால்வுத் தண்டு கெட்டியானது, அங்கே தலைக்குத்தான் பாரம். ஆனால் இதை விதியாக எடுத்துக்கொண்டு, லைகமிங் வால்வு கருகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

80-க்கு எத்தனை? கம்ப்ரஷன் டெஸ்ட்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்த எண்களுக்கு வருவோம். அமெரிக்க விதிகளின்படி ஆண்டுப் பரிசோதனையில் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் பார்த்தாக வேண்டும். விமானத்தில் செய்யும் முறை, பைக் மெக்கானிக் கிக்கரை உதைத்துப் பார்ப்பதிலிருந்து வேறுபட்டது. இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையில் இன்ஜினைப் பிடித்து வைத்து, பிளக் ஓட்டை வழியாக 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை விடுவார்கள். டயருக்குக் காற்று வைக்கும்போது சொல்லும் அதே அளவைதான். காற்று போகும் வழியில் சுமார் 1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னத் துளை, அதற்கு முன்னால் ஒரு மீட்டர், பின்னால் ஒரு மீட்டர். முன்னது 80 காட்டும். சிலிண்டர் கசிந்தால் பின்னது குறைவாகக் காட்டும். அதுதான் 80-க்கு 72, 80-க்கு 62 என்று எழுதப்படுவது.

ஒரு எச்சரிக்கை. லைகமிங் ஓ-320 இன்ஜினில் பிஸ்டனின் அகலம் 5.125 அங்குலம். 80 பிஎஸ்ஐ அதன்மேல் கொடுக்கும் விசை 1,650 பவுண்டு, ஏறக்குறைய 750 கிலோ. பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் புரொப்பெல்லர் விசுக்கென்று சுழலும். அதனால்தான் இதை இரண்டு பேர் சேர்ந்து செய்கிறார்கள். ஒருவருடைய வேலையே புரொப்பெல்லரைப் பிடித்துக்கொள்வதுதான்.

என்னைக் கேட்டால் இந்தச் சோதனையில் மீட்டரைவிடக் காதுதான் முக்கியம். காற்று எங்கே போகிறது என்று கேளுங்கள். எக்ஸாஸ்ட் குழாயின் வாயில் உஸ்ஸென்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே கேட்கிறதா, அப்படியானால் பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங்குகளைத் தாண்டிக் காற்று இறங்குகிறது. ரிங் வழியாகக் கொஞ்சம் இறங்குவது எல்லா இன்ஜினிலும் உண்டு, பெரிதாகப் பதற வேண்டாம். 62 காட்டி ரிங்கில் கசியும் சிலிண்டரைவிட, 70 காட்டி எக்ஸாஸ்டில் உஸ்ஸென்கிற சிலிண்டர்தான் என்னைக் கவலைப்படுத்தும்.

எண்ணும் நிலையானதல்ல. இன்ஜின் சூடு ஆறிவிட்டதா, ரிங்கின் வெட்டுகள் எங்கே நிற்கின்றன, சீட்டில் கரித்துணுக்கு எதுவும் மாட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து, ஒரே சிலிண்டர் இன்று ஒன்று, நாளை வேறொன்று காட்டும். கான்டினென்டல் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட புல்லட்டினில், வழக்கமாகச் சொல்லப்படும் 60 என்ற எல்லையை விட்டுவிட்டு, அந்தந்தக் கருவிக்கு ஒரு அளவுத் துளையை வைத்து எல்லையைக் கண்டுகொள்ளச் சொன்னது. அந்த எல்லை 40-களில்கூட வரலாம். கூடவே, சிலிண்டருக்குள் போர்ஸ்கோப் என்ற குட்டிக் கேமராவை விட்டுப் பார்ப்பதையும் கட்டாயமாக்கியது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் வால்வு மூடியிருக்கும்போது கசிகிறதா என்று மட்டுமே கேட்கிறது. வால்வு தடங்கலின்றி ஓடியாடுகிறதா என்று அது கேட்பதே இல்லை. சூடான இன்ஜினில், விடுபட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் சிக்கும் வால்வு 78 காட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

உள்ளே பார்ப்பது

போர்ஸ்கோப் என்பது முனையில் குட்டிக் கேமராவும் விளக்கும் உள்ள மெல்லிய குழாய். பிளக் ஓட்டை வழியாக உள்ளே போகும். ஆரோக்கியமான எக்ஸாஸ்ட் வால்வின் முகம் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும்: நடுவில் செம்மண் நிறம், வெளியே போகப் போக வெளிறும், எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். கருகத் தொடங்கிய வால்வில் இந்தச் சமச்சீர் குலையும். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் படிவு எரிந்துபோய் உலோகம் தெரியும், பிறைபோல ஒரு தடம் விழும், சில நேரம் பச்சை பாரித்திருக்கும். படம் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த பரிசோதனையில் ஒப்பிட்டால், நோய் வளர்கிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

மானிட்டரில் பதிவாகும் புகைச் சூட்டிலும் ஒரு துப்பு உண்டு. சீரான பறப்பில், ஒரு சிலிண்டரின் கோடு மட்டும் சில பத்து டிகிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், சுமார் ஒரு நிமிடத்துக்கு ஓர் அலை என்ற மெதுவான தாளத்தில். வால்வு சுழலச் சுழல, கசியும் இடம் சூடளக்கும் ஊசிக்கு அருகே வந்து போவதுதான் இந்த அலை. அலை தெரிந்தால் போர்ஸ்கோப் விட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அலையை மட்டும் நம்பி சிலிண்டரைக் கழற்றுவது அதிகப்படி.

கண்டுபிடித்த பிறகு

எக்ஸாஸ்டில் லேசாகக் கசிந்து, முகம் சமச்சீராக இருந்தால், சீட்டில் துணுக்கு மாட்டியிருக்கலாம். ராக்கர் மூடியைக் கழற்றி, வால்வை மென்சுத்தியால் தட்டித் திறந்து மூடச் செய்தாலே சில நேரம் அது பறந்துவிடும். அதிலும் அடங்காவிட்டால், அதே கயிற்று உபாயத்தில் ஸ்பிரிங்கைக் கழற்றி, பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டோடு உராயவைத்துப் பொருத்தலாம். விளிம்பு அரித்துவிட்ட வால்வுக்கு இது உதவாது, சிலிண்டர் இறங்கித்தான் ஆக வேண்டும். முதல் இரண்டு வேலைகளுக்குப் பிறகும் ஒருமுறை பறந்து வந்து, சூட்டோடு மறுபடி கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்.

சிக்கும் நோய்க்கு முன்காப்பு எளியது. ஃபில்டர் உள்ள இன்ஜினில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, வெறும் வலை மட்டும் இருந்தால் 25 மணிக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் 4 மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்கிறது லைகமிங். தரையில் ஊர்ந்து போகும்போது கலவையில் பெட்ரோலைக் குறைத்து ஓட்டினால் ஈயப்படிவு குறையும்.

விமானி செய்ய வேண்டியது, மெக்கானிக்குக்கு உருப்படியான தகவல் கொடுப்பது. "இன்ஜின் சரியில்லை" என்று எழுதிவிட்டுப் போனால் அவர் நாலு சிலிண்டரையும் குடைய வேண்டும். காலை முதல் ஸ்டார்ட்டா, சூடான பிறகா, இரண்டு மாக்னெட்டோவிலும் உதறியதா, எத்தனை நேரத்தில் நின்றது, மானிட்டரில் எந்த சிலிண்டரின் சூடு இறங்கியது என்று ஐந்து வரி எழுதிவைத்தால், எந்த ராக்கர் மூடியை முதலில் கழற்றுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.